பாம்புக்கடி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஒரு மணி நேரம்

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்பது கணிப்பு. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. இத்தனைக்கும் நம் ஊரில் உயிரெடுக்கும் நான்கு முக்கியப் பாம்புகளின் விஷத்தையும் ஒரே மருந்து முறிக்கும். அந்த மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி, மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் நாடு முழுவதும் போகிறது. மருந்து இருக்கிறது, போடுவதற்கான முறையும் இருக்கிறது. உயிர் போவது பெரும்பாலும் வழியில். மந்திரிக்கிற இடத்தில் ஒரு மணி நேரம், பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒரு மணி நேரம்.

மருத்துவ அலுவலர், ஸ்டாஃப் நர்ஸ், 108-ல் வரும் டெக்னீஷியன், கிராம சுகாதார செவிலியர் ஆகியோருக்கான கையேடு இது. சொல்ல வருவது ஒன்றுதான்: விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால் முதல் 10 குப்பி மருந்தை உங்கள் இடத்திலேயே ஏற்றத் தொடங்குங்கள், மூச்சுக்கு வழி செய்யுங்கள், அதன் பிறகு அனுப்புங்கள். வென்டிலேட்டரும் டயாலிசிஸும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில்தான் இருக்கும். விஷமுறிவு மருந்துக்கு அங்கே போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

இரவு டூட்டியில் பீரோ சாவியைத் தேடுகிற நிலை வரக்கூடாது. ஒரு தட்டு அல்லது பெட்டியில் இவை ஒன்றாக இருக்கட்டும்: விஷமுறிவு மருந்து (ஏ.எஸ்.வி.) குறைந்தது 10 குப்பி, அதோடு வரும் ஊசித் தண்ணீர், 10 மி.லி. சிரிஞ்சுகள், நார்மல் சலைன், பெரிய அளவு வென்ஃப்ளான் (ஐ.வி. ஊசிக்குழாய்) இரண்டு, அட்ரினலின் (1:1000), அட்ரோபின், நியோஸ்டிக்மின், ஹைட்ரோகார்டிசோன், குளோர்பெனிரமின். புதிய, காய்ந்த கண்ணாடி டெஸ்ட் ட்யூப் ஐந்தாறு. ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) பெரியவர் அளவும் குழந்தை அளவும், வாய்வழி ஏர்வே, சக்‌ஷன், ஆக்சிஜன், டார்ச், மார்க்கர் பேனா.

ஏ.எஸ்.வி. இரண்டு வடிவில் வரும். உலர்த்திய தூளாக வருவதைக் கரைத்துப் போட வேண்டும். திரவமாக வருவது 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரிலேயே இருக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகிற இடத்துக்குத் தூள் வடிவமே பத்திரம். உங்களிடம் எது இருக்கிறது என்று லேபிளைப் பார்த்து, அதற்கேற்ற இடத்தில் வையுங்கள்.

நோயாளி வந்த முதல் ஐந்து நிமிடம்

கடிவாயைப் பிறகு பார்க்கலாம். முதலில் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், பேச்சு. மூச்சு மேலோட்டமாக இருந்தாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தாலோ, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்து, சக்‌ஷன் செய்து, ஆக்சிஜன் கொடுங்கள். தேவைப்பட்டால் ஆம்பு பேக்கைக் கையிலெடுங்கள். கடிபடாத கையில் ஐ.வி. லைன் போடுங்கள். ரத்தம் உறையாத நிலையில் இருக்கக்கூடும் என்பதால் தொடையிலோ கழுத்திலோ பெரிய ரத்தக்குழாயைக் குத்த வேண்டாம்.

கடிபட்டது கை என்றால் மோதிரம், வளையல், கயிறு. கால் என்றால் கொலுசு, மெட்டி. உடனே கழற்றுங்கள். மெட்டியைக் கழற்ற வீட்டுப் பெண்கள் தயங்குவார்கள். வீக்கம் ஏறிய பின் அது விரலை வெட்டும், பிறகு ரம்பம் போட்டு அறுக்க வேண்டிவரும் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

கயிறோ துணியோ இறுக்கிக் கட்டியே பலரும் வருவார்கள். அதைக் கண்டதும் அவிழ்த்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கட்டுக்குக் கீழே தேங்கிய விஷம் மொத்தமாக உள்ளே போய், சில நிமிடங்களில் மூச்சோ ரத்த அழுத்தமோ விழலாம். முதலில் லைன் போடுங்கள், ஏ.எஸ்.வி.யையும் ஆம்பு பேக்கையும் பக்கத்தில் வையுங்கள், கட்டுக்குக் கீழே நாடி கிடைக்கிறதா என்று பாருங்கள். கட்டுக்கு மேலே ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றி, காற்றேற்றி, கட்டை அவிழ்த்துவிட்டு, பட்டையின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

வீக்கத்தின் மேல்விளிம்பில் மார்க்கரால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். அரை மணிக்கு ஒரு கோடு. நாளை அந்தக் காலைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு இரண்டு பக்கக் குறிப்பைவிட அந்தக் கோடுகள் அதிகம் சொல்லும்.

எந்தப் பாம்பு என்பது எவ்வளவு முக்கியம்

நீங்கள் நினைக்கிற அளவுக்கு முக்கியமில்லை. நம்மிடம் உள்ள ஏ.எஸ்.வி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரானது. பாம்பை அடித்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை. செத்த பாம்பின் தலையும் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும். அடிக்கப்போன இன்னொருவர் கடிபட்டு வருவதும் உண்டு. எட்ட நின்று யாராவது போட்டோ எடுத்திருந்தால் போதும். நாம் பார்க்க வேண்டியது உடம்பில் தெரியும் மாற்றத்தை.

வீக்கமும் வலியும் வேகமாக ஏறி, பல் ஈறிலோ பழைய காயத்திலோ ரத்தம் கசிந்து, சிறுநீர் சிவந்து குறைந்தால் கண்ணாடிவிரியனை நினையுங்கள். கடித்த சற்று நேரத்திலேயே வாந்தியும் வயிற்றுவலியும் வரலாம். காதுக்குக் கீழே இருபுறமும் வீங்கி, கண்ணின் வெள்ளைப்பகுதி நீர்கோத்து, ரத்த அழுத்தம் இறங்கினால் ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கிவிட்டன. இந்த நோயாளிக்குச் சிறுநீரகமும் கெடப்போகிறது என்று எண்ணியே வேலை பாருங்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடிவிரியன் கடித்தவருக்கு இமையும் சரியலாம். ரத்தக்கசிவும் இமைச்சரிவும் சேர்ந்து வந்தால் இரண்டு பாம்பா என்று குழம்ப வேண்டாம்.

சுருட்டைவிரியன் சிறியது. வறண்ட, கல்லும் முள்ளுமான நிலத்தில் இருக்கும். வீக்கமும் ரத்தம் உறையாமையும் இதிலும் உண்டு, ஆனால் சிறுநீரகம் கெடுவது குறைவு.

நல்லபாம்பு கடித்தால் கடிவாயில் வலி, வீக்கம், பிறகு தோல் கறுத்து அழுகுதல். கூடவே இமை சரியும், நாக்கு குழறும், கழுத்து நிற்காது, மூச்சுத் தசைகள் தளரும். இது மிக வேகமாக, அரை மணிக்குள்கூட வரலாம்.

அடிக்கடி கோட்டை விடுவது கட்டுவிரியனைத்தான். இரவில் வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். பல் மிகச் சிறியது. வலி பெரிதாக இருக்காது, வீக்கம் இருக்காது, பல தடவை கடித்த தடமே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். தொண்டையில் ஏதோ அடைக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது என்பார். அவருக்கு ரானிடிடின் ஊசியோ பான்டோப்ரசோலோ போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால், திரும்ப வரும்போது மூச்சு இருக்காது. ஆகவே விதி இப்படி: இரவில் தரையில் படுத்துத் தூங்கியவர், விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி அல்லது விழுங்கச் சிரமம் என்று வந்தால், இமையைப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. மேலே பார்க்கச் சொல்லி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். இமை மெல்ல இறங்கினால் அங்கேயே படுக்க வையுங்கள்.

நரம்பு விஷத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். வந்ததும் 30 வரை எண்ணியவர் அரை மணி கழித்து 15-ல் நின்றால் மூச்சுத் தசை தளர்கிறது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கிச் சில விநாடிகள் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். இரண்டையும் மணியோடு எழுதி வையுங்கள்.

உயிரெடுக்கும் விஷமில்லாத பாம்புகளே நம் ஊரில் அதிகம்: சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு, கொம்பேறிமூக்கன், மண்ணுளி. விஷப்பாம்பு கடித்தும் விஷம் இறங்காமல் போவதும் உண்டு. ஆனாலும் பாம்பு கடித்தது என்று வந்த யாரையும் 24 மணி நேரம் பார்க்காமல் அனுப்பாதீர்கள். "சாரைதாங்க" என்று உறுதியாகச் சொல்கிறவர் பார்த்தது கட்டுவிரியனின் வாலாக இருக்கலாம்.

20 நிமிட ரத்த உறைவுச் சோதனை

விரியன் விஷம் ஏறியதா என்பதைச் சொல்ல லேப் வேண்டாம். ஒரு கண்ணாடி ட்யூப், ஒரு கடிகாரம் போதும். ரத்தக்குழாயிலிருந்து (சிரை) 2 மி.லி. ரத்தம் எடுத்து, புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடி ட்யூபில் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி 20 நிமிடம் தொடாமல் விடுங்கள். 20-வது நிமிடத்தில் ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். உறைந்த ரத்தம் அடியோடு ஒட்டி நிற்கும். உறையாத ரத்தம் கண்ணாடியோரம் தண்ணீர் போல வழிந்து வரும். வழிந்தால் ஏ.எஸ்.வி. தேவை.

இவ்வளவு எளிய சோதனையைக் கெடுக்கும் வழிகள் பல. பிளாஸ்டிக் ட்யூபில் செய்தால் நல்ல ரத்தமும் நேரத்துக்கு உறையாது, ஏனென்றால் உறைதலைத் தொடங்கிவைப்பதே கண்ணாடிப் பரப்புதான். சோப்புத்தூளில் கழுவிய ட்யூபும் அப்படியே, சோப்புப் படலம் அந்தத் தொடக்கத்தைத் தடுத்துவிடும். நடுவில் இரண்டு மூன்று தரம் எடுத்து ஆட்டிப் பார்த்தால் உறைவது கலைந்துவிடும். ட்யூபின் மேல் சந்தேகம் இருந்தால், கூட வந்த உறவினர் ஒருவரின் ரத்தத்தை அதே மாதிரி இன்னொரு ட்யூபில் விட்டுப் பக்கத்தில் நிறுத்துங்கள். அதுவும் உறையவில்லை என்றால் கோளாறு ட்யூபில்.

முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். கடித்து அரை மணிக்குள் வந்தவருக்கு விஷம் வேலை செய்ய நேரம் இருந்திருக்காது. முதல் 3 மணி நேரம் அரை மணிக்கு ஒரு தரம், பிறகு மணிக்கு ஒரு தரம் திரும்பச் செய்யுங்கள். கட்டுவிரியன், நல்லபாம்பு விஷத்தை இந்தச் சோதனை காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும். இமை சரிந்திருக்கும்போது ட்யூபைப் பார்த்துக்கொண்டு 20 நிமிடம் உட்கார்ந்திருப்பவர் தவறான இடத்தைப் பார்க்கிறார்.

ஏ.எஸ்.வி.: எப்போது, எவ்வளவு, எப்படி

பல் தடம் மட்டும் இருந்தால் கொடுக்க வேண்டாம். பயந்து போடுவதும் தப்பு, இது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து, ஒவ்வாமை நிச்சயம் சிலருக்கு வரும். கொடுக்க வேண்டிய நிலைகள்: ரத்தம் உறையாமை, தானாக ரத்தம் கசிதல், இமைச்சரிவு அல்லது வேறு நரம்பு அறிகுறி, ரத்த அழுத்தம் விழுதல், சிறுநீர் குறைதல் அல்லது சிவத்தல், கட்டுப்போடாத காலிலோ கையிலோ வீக்கம் பாதிக்கு மேல் ஏறுதல், கடித்த சில மணி நேரத்துக்குள் வீக்கம் ஒரு மூட்டைத் தாண்டுதல். இதில் ஒன்று இருந்தாலே போதும்.

முதல் டோஸ் 10 குப்பி. ஏன் 10? கரைத்த மருந்து 1 மி.லி. கண்ணாடிவிரியன் விஷத்தில் 0.6 மி.கி.யை முறிக்கும். ஒரு குப்பி 10 மி.லி., ஆகவே 6 மி.கி. கண்ணாடிவிரியன் ஒரு கடியில் இறக்கும் விஷம் சராசரியாக 63 மி.கி. கணக்கு அங்கேயே முடிகிறது. "இரண்டு குப்பி போட்டு அனுப்பினேன்" என்பது 12 மி.கி.யை முறித்துவிட்டு மிச்சத்தோடு அனுப்பியதற்குச் சமம். குழந்தைக்கும் அதே 10 குப்பி. பாம்பு எடை பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. கர்ப்பிணிக்கும் அதே அளவு.

தோலுக்கடியில் டெஸ்ட் டோஸ் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எதிர்வினை வருமா என்பதை அது முன்கூட்டிச் சொல்லாது, நேரம்தான் போகும், அதுவே ஒவ்வாமையைத் தூண்டவும் கூடும்.

தூளில் ஊசித்தண்ணீர் 10 மி.லி. விட்டு, குப்பியை மெல்லச் சுழற்றுங்கள். குலுக்கினால் நுரைத்துக்கொண்டு கரையாமல் நிற்கும். பத்தையும் கரைக்க நேரம் பிடிக்கும், அதனால் இரண்டு பேர் உட்காருங்கள். கரைத்ததைக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. சலைன் அல்லது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து ஏற்றலாம். 10 கிலோ குழந்தைக்கு 10 குப்பி மருந்தே 100 மி.லி. வந்துவிடும் என்பதால் கூடுதலாகச் சலைன் சேர்ப்பதில் கை அடக்கம் வேண்டும். முதல் 10, 15 நிமிடம் மெதுவாக, நிமிடத்துக்கு 2 மி.லி. போல. ஒன்றும் வரவில்லை என்றால் வேகத்தைக் கூட்டி, ஒரு மணிக்குள் முழுவதும் ஏறிவிட வேண்டும். தசையில் போடுவது பயனில்லை. கடிவாயைச் சுற்றிப் போடுவது பயனில்லாததோடு வலியையும் வீக்கத்தையும் கூட்டும்.

மருந்து ஏறி முடிந்ததும் ரத்தம் உறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். கசிவு நிற்க கால் மணி, அரை மணி ஆகும். விஷம் தின்றுபோட்ட உறைபொருள்களைக் கல்லீரல் திரும்ப உண்டாக்க சுமார் 6 மணி நேரம் வேண்டும். ஆகவே அடுத்த உறைவுச் சோதனை 6 மணி கழித்து. அப்போதும் உறையாவிட்டால் இன்னொரு டோஸ். நடுவில் மணிக்கு ஒரு தரம் சோதித்து, ஒவ்வொரு முறையும் குப்பி உடைத்தால் மருந்துதான் தீரும். நரம்பு விஷத்துக்கு வேறு கணக்கு: முதல் 10 முடிந்து ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லை அல்லது மோசமாகிறது என்றால் இன்னொரு 10. 20 குப்பிக்கு மேல் ஏற்றுவதால் பயனில்லை, அதன் பிறகு அவரைக் காப்பது மூச்சுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் விஷத்துக்கு இந்த மருந்து வேலை செய்யாது. தோட்டத் தொழிலாளர் கடிபட்டு வந்து, 20, 30 குப்பி ஏறியும் ரத்தம் உறையவில்லை என்றால் அதை நினைத்து, சிறுநீரகம் பார்க்கும் வசதியுள்ள இடத்துக்கு நகர்த்துங்கள்.

ஒவ்வாமை வந்தால்

மருந்து ஏறத் தொடங்கிய முதல் மணி நேரம் ஒருவர் கட்டிலை விட்டு நகரக்கூடாது. அரிப்பு, தடிப்பு, இருமல், வாந்தி, வயிற்றைப் பிசைதல், மூச்சில் விசில், உதடு வீக்கம், படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குதல். இதில் ஒன்றே ஒன்று வந்தாலும் இரண்டாவது வருமா என்று காத்திருக்காதீர்கள்.

டிரிப்பை நிறுத்துங்கள். அட்ரினலின் 0.5 மி.கி., அதாவது 1:1000 கரைசலில் அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. ஐந்து, பத்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் திரும்பவும். ரத்தம் உறையாத நோயாளிக்குத் தசை ஊசி வேண்டாம் என்பது பொதுவிதி, அட்ரினலின் மட்டும் விலக்கு. மெல்லிய ஊசியில் போட்டு, சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி., குளோர்பெனிரமின் 10 மி.கி. அட்ரினலினுக்குப் பிறகு துணைக்கு. அவற்றை முதலில் போட்டுவிட்டு அட்ரினலினைத் தள்ளிப்போடும் பழக்கம் ஆளைக் கொல்லும்.

சரியானதும் ஏ.எஸ்.வி.யைத் திரும்பத் தொடங்க வேண்டும், முதலில் மெதுவாக, பிறகு பழைய வேகத்தில். "அலர்ஜி வந்தது, நிறுத்திவிட்டோம்" என்று எழுதி அனுப்புவது சிகிச்சை அல்ல. விஷம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

முன்னெச்சரிக்கையாக மருந்து கொடுக்கலாமா என்பதற்கு இலங்கையில் 1,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு விடை தந்தது. ஏ.எஸ்.வி.க்கு முன் தோலுக்கடியில் 0.25 மி.கி. அட்ரினலின் போட்டவர்களுக்குக் கடுமையான ஒவ்வாமை கணிசமாகக் குறைந்தது. ஹைட்ரோகார்டிசோனும் புரோமெதசினும் அப்படித் தடுக்கவில்லை. வயதானவர், இதயநோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர் என்றால் இந்த முன்னெச்சரிக்கை டோஸை யோசித்துப் போடுங்கள்.

ஒன்றிரண்டு மணி கழித்துக் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் அது வேறு வகை. பாராசிட்டமால், ஈரத்துணி, டிரிப் வேகத்தைக் குறைத்தல் போதும்.

இமை சரிந்தவருக்கு

அட்ரோபின் 0.6 மி.கி. ரத்தக்குழாயில் (ஐ.வி.) போட்டுவிட்டு, நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. தசையில். இமையின் இறக்கத்தையும் ஒரே மூச்சு எண்ணிக்கையையும் முன்னும் பின்னும் எழுதுங்கள். நல்லபாம்பு என்றால் அரை மணிக்குள் இமை மேலேறுவது கண்ணுக்குத் தெரியும். அப்படியானால் அரை மணிக்கு 0.5 மி.கி. வீதம் தொடரலாம். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சிதைத்துவிடுவதால் அங்கே நியோஸ்டிக்மினுக்கு வேலையில்லை. ஒரு மணி பார்த்தும் அசைவில்லை என்றால் நிறுத்திவிட்டு மூச்சில் கவனம் வையுங்கள். நரம்பு முனை புதிதாக வளர நாட்கள் ஆகும், அதுவரை வென்டிலேட்டர் தாங்க வேண்டும்.

முழுதாகத் தளர்ந்த கட்டுவிரியன் நோயாளி கண் திறக்க மாட்டார், அசைய மாட்டார், கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் இருக்கலாம். பார்க்கிறவருக்குப் பிணம். ஆனால் அவருக்கு நினைவு இருக்கலாம், பேசுவது காதில் விழலாம். கண்மணியை வைத்து இவரை இறந்தவராக முடிவு செய்யக்கூடாது. நாடி இருக்கும் வரை ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே இருங்கள். பல நாள் வென்டிலேட்டரில் கிடந்து எழுந்து நடந்து போனவர்கள் இப்படி வந்தவர்கள்தான்.

அனுப்பும்போது

போன் செய்து, அங்கே வென்டிலேட்டர் காலியா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். மூன்று ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டுக்கொண்டு போனால் அந்த நேரம் வீண். நரம்பு அறிகுறி உள்ளவரோடு ஆம்பு பேக் அழுத்தத் தெரிந்த ஒருவர் ஏறியே ஆக வேண்டும். ஏ.எஸ்.வி. முழுதும் ஏறி முடியும் வரை காத்திருக்க வேண்டாம், டிரிப் ஓடிக்கொண்டிருக்கவே 108-ல் போகலாம்.

சீட்டில் எழுத வேண்டியது: கடித்த நேரம், வந்த நேரம், ஒவ்வொரு உறைவுச் சோதனையின் மணியும் முடிவும், ஏ.எஸ்.வி. எத்தனை குப்பி, தொடங்கிய மணி, பேட்ச் எண், ஒவ்வாமை வந்ததா, அட்ரினலின் எத்தனை தரம், நியோஸ்டிக்மினுக்கு இமை அசைந்ததா, கடைசியாகச் சிறுநீர் போன நேரம். "ஏ.எஸ்.வி. கொடுக்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதினால் அங்கே அடுத்த டோஸை எப்போது போடுவது என்று யாருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. விஷம் ஏறாத கடியையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் நிலையத்துக்கு எத்தனை குப்பி வரும் என்பது அந்த எண்ணிக்கையைப் பார்த்தே முடிவாக வேண்டும்.

வலிக்குப் பாராசிட்டமால். ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம், ரத்தக்கசிவையும் சிறுநீரகத்தையும் மோசமாக்கும். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி ரத்தம் உறையத் தொடங்கிய பிறகு. கொப்புளத்தைக் குத்த வேண்டாம். வீங்கிய காலைக் கத்தி வைத்துக் கீறிவிடலாமா என்று யாராவது யோசித்தால், ரத்தம் உறையும் வரை கத்திக்கு இடமில்லை.

ஊரில் சொல்ல வேண்டியது

கிராம சுகாதார செவிலியர் இதைப் பேச நல்ல இடம் நூறு நாள் வேலைத் தளமும், கதிர் அறுப்புக்கு ஆள் கூடும் வரப்பும். கடித்தால் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கழுவாதே, ஐஸ் வைக்காதே. மிளகும் வேப்பிலையும் கொடுத்துக் காரமா கசப்பா என்று கேட்டு விஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது, நேரம்தான் போகும். ஓடவும் நடக்கவும் விடாமல், எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போல மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். வண்டி வரத் தாமதமாகும் என்றால் பைக்கில் நடுவே உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு கிளம்பலாம்.

வராமல் தடுக்க, இருட்டில் டார்ச் இல்லாமல் காலடி எடுத்து வைக்கக்கூடாது. வயலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வெயில் காலத்தில் அதைப் போடச் சொன்னால் சிரிப்பார்கள், அறுப்பு நாட்களிலாவது போடச் சொல்லுங்கள், கண்ணாடிவிரியன் தாளடியில்தான் கிடக்கும். வைக்கோலையும் விறகையும் கையால் அள்ளும் முன் கம்பால் கலைக்கச் சொல்லுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி விறகும் செங்கல்லும் அடுக்கினால் எலி வரும், எலி பின்னாலேயே பாம்பு வரும். பூண்டு கரைசலும் பினாயிலும் பாம்பை நிறுத்தாது. கட்டுவிரியனுக்கு ஒரே நல்ல தடுப்பு, கட்டிலில் படுப்பது, அல்லது பாயிலேயே படுத்தாலும் கொசுவலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வது.

வீட்டுக்கு அனுப்பும்போது

ஏ.எஸ்.வி. ஏறியவருக்கு ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல், மூட்டுவலி, உடம்பெல்லாம் அரிப்பு வரலாம். குதிரைப் புரதத்துக்கு உடம்பு தாமதமாகக் காட்டும் எதிர்ப்பு அது. பிரெட்னிசோலோன் ஐந்து முதல் ஏழு நாள் கொடுத்தால் அடங்கும். இதை முன்பே சொல்லி அனுப்பாவிட்டால் "விஷம் திரும்ப ஏறிடுச்சு" என்று நினைத்து மறுபடி மந்திரிக்கிற இடத்துக்குப் போய்விடுவார்கள். கண்ணாடிவிரியன் கடி என்றால் சிறுநீர் அளவைக் கவனிக்கச் சொல்லி, ஒரு வாரத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்க வரச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் செவிலியர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.